1978 சூறாவளியைக் குறும்படத்தில் கொண்டுவர: எடுத்து முடித்த வழி

1978 நவம்பர் 23இல் இலங்கையின் மட்டக்களப்பை அடித்த சூறாவளியைக் காட்ட வேண்டும். இருப்பதோ ஒரு கமெராவும் ஒரு லப்டொப்பும். விஎப்எக்ஸ் (கணினியில் காட்சியை மாற்றிச் சேர்க்கும் வேலை) பயிற்சி என்றாலே மென்பொருளில்தான் தொடங்குகிறார்கள். இயக்குநர் முதலில் பழக வேண்டியது படப்பிடிப்பிடத்தில். அங்கே ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தால் கணினியில் ஒரு கிழமை போகும்.

முதலில் வெளிச்சம். ஆடி, ஆவணி வெயிலில் எடுத்துவிட்டுக் கருமேகத்தை ஒட்டினால், நிலத்தில் கிடக்கும் கூர்மையான நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கச்சான் காற்றில் தென்னோலை நன்றாக ஆடும்தான், ஆனால் அந்த நிழலும் கூடவே வரும். மாரியில் மழை விட்ட இடைவெளியில் எடுங்கள். முடியாவிட்டால், கடலுக்கு மேலே சூரியன் எழும்ப முன் வேலையை முடியுங்கள்.

அடுத்தது கோணம். கல்லடியில் பழைய இரும்புப் பாலத்தின் சட்டங்களுக்கூடாக 2013இல் திறந்த புதிய பாலம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். புதிய பாலத்தை அழிக்க, ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனி மாஸ்க் (மாற்றவேண்டிய பகுதியைச் சுற்றி வரையும் எல்லை) வெட்ட வேண்டும். தொலைபேசிக் கோபுரமும் மின்கம்பியும் வெறும் வானத்தில் நின்றால் பயமில்லை, அழித்துவிடலாம்.

ட்ரைபொட் காலில் மணல் பையைக் கட்டி, போக்கஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வைட் பலன்ஸ் (வெள்ளைச் சமநிலை) மூன்றையும் மெனுவலில் பூட்டுங்கள். விநாடிக்கு 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50 விநாடி. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல்பு மினுக்கமும் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும். நடிகர் விலகியதும் கமெராவைத் தொடாமல் வெறும் இடத்தைப் பதினைந்து விநாடி எடுங்கள். கிளீன் பிளேட் என்பது இதுதான்; நடிகருக்குப் பின்னால் நிற்பதை இதில் ஒருமுறை அழித்துவிட்டு, அந்த இடத்தை இதை வைத்தே நிரப்புவோம். அரை மணித்தியாலம் கழித்து எடுத்தால் மேகமும் வெளிச்சமும் மாறியிருக்கும்.

கமெரா நகரும் ஷொட் என்றால் பிளெண்டர் என்ற மென்பொருளில் ட்ராக் செய்ய வேண்டும், அதாவது காட்சியிலுள்ள புள்ளிகளைப் பின்தொடர்ந்து கமெராவின் அசைவைக் கணக்கிட வேண்டும். குறைந்தது எட்டுப் புள்ளிகள், கிட்டவும் தூரவுமாக, ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். வாவி நீரிலும் ஆடும் ஓலையிலும் புள்ளி வைப்பது வீண். சொல்வ் எரர் (அந்தக் கணக்கின் பிழை) 1 பிக்சலுக்குக் கீழே வரவேண்டும், 0.5 என்றால் நிம்மதி. கைப்பேசியில் எடுப்பவர்கள் ஸ்டெபிலைசேஷனை (நடுக்கம் குறைக்கும் வசதி) நிறுத்துங்கள். அது ஒவ்வொரு பிரேமையும் வெவ்வேறாக வளைப்பதால் ட்ராக் வழுக்கும். காட்சியை வட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம், சுருங்கித் தரம் கெட்டுவிடும்.

ஜன்னலுக்கு வெளியே புயல் தெரியும் உட்காட்சிக்குத்தான், பின்னணியை வெட்டி மாற்றுவதற்கான பச்சை அல்லது நீலத் துணி தேவை. கமெரா சென்சரில் பச்சைப் புள்ளிகள் இரு மடங்கு என்பதால் பச்சை சுத்தமாக வெட்டும். ஆனால் ஜன்னலோரம் வாழையிலை நின்றால் நீலத்துக்கு மாறுங்கள். பளபளக்கும் சற்றின் துணி வேண்டாம், மினுங்காத பருத்தியை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். நடிகர் துணியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி நிற்கட்டும். கிட்ட நின்றால் எண்ணெய் வைத்த தலைமயிர் முழுவதும் பச்சை மினுக்கம்தான். சிறுகட்டச் சாரம் திரையில் அலையடிக்கும், வெற்றுச் சாரம் உடுக்கக் கொடுங்கள். 8 பிட் கமெராவில் லொக் (வெளிறிய நிறத்தில் பதியும் முறை) வேண்டாம், கீயிங்கில் (துணியின் நிறத்தை வெட்டி எடுப்பதில்) விளிம்பு உடையும். டாவின்சி ரிசொல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலுள்ள டெல்டா கீயர் கருவியே இதற்குப் போதும்.

மழையை இரவில், கறுப்புத் துணிக்கு முன்னால் ஹோஸ் பிடித்து, பக்கப் பின்புறமிருந்து லைட் அடித்து எடுக்கலாம். ஸ்கிறீன் மோடில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் கலப்பு முறை) மூன்று அடுக்காகப் போடுங்கள்: கிட்ட மங்கலான பெரிய கோடுகள், நடுவில் கூர்மையானவை, தூரத்தில் வெறும் புகார் மூட்டம். ஒரே அடுக்கு கண்ணாடியில் கீறியதுபோல் நிற்கும். நடிகரும் நிலமும் உண்மையாகவே நனைந்திருக்க வேண்டும். காய்ந்த சட்டையில் கணினி மழை ஒட்டாது.

சேர்த்தபின் கறுப்பின் அளவைப் பாருங்கள். தூரத்துப் பொருளின் கறுப்பு, கிட்டவுள்ளதை விட வெளிறியே இருக்கும். கிறெயினை (படத்தின் பொடிப்பொடியான புள்ளி அமைப்பு) கடைசியில் முழுப் படத்துக்கும் போடுங்கள். ரெண்டரை (கணினி உருவாக்கித் தரும் இறுதிப் படத்தை) ஒரே வீடியோவாக எடுக்காமல் 16 பிட் பிஎன்ஜி படவரிசையாக எடுங்கள். இடையில் கரன்ட் போனாலும் நின்ற பிரேமிலிருந்து தொடரலாம். கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள், அது பாதியில் எழுதப்பட்டிருக்கும்.