"அப்புறம் பாத்துக்கலாம்"

"அண்ணே, பேங்க்ல பர்பஸ் கோடு கேக்கறாங்க. ஃபேமிலி மெயின்டனன்ஸ்னு போட்டா சாயங்காலமே கிரெடிட் ஆயிடுமாம். போட்டுரட்டுமா?"

"இப்போதைக்குப் போடுங்க தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்."

கேட்டவர் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வெப்சைட் டிசைன் செய்து கொடுக்கும் ஒரு தம்பி. மூன்று வருஷம் ஆகிறது. கணக்கு பார்த்துக் கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு நான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

அவசரம் இருந்தது உண்மை. பணம் வந்து நான்கு நாள். எதற்கான பணம் என்பதைச் சொல்லும் எண்தான் பர்பஸ் கோடு, அதை எழுதிக் கொடுக்காமல் வங்கி வரவு வைக்காது. இழுத்தால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். இன்வாய்ஸ் 1,200 டாலர், வந்தது 1,175. மிச்சம் 25 டாலரை நடுவில் இருந்த வங்கி பிடித்துக்கொண்டது. 83 ரூபாய் வீதம் 97,525. அதை மாற்றியதற்கு ஜிஎஸ்டி உண்டு: ஒரு லட்சம் வரை தொகையில் 1 சதவீதத்தை மதிப்பாக எடுத்து, அதற்கு 18 சதவீதம். 175 ரூபாய் 55 காசு. வருமானத்தை 1,200 டாலராகவே எழுதி, 25 டாலரை வங்கிச் செலவாகக் காட்டச் சொன்னேன். இவ்வளவையும் போனிலேயே சொன்ன எனக்கு, கோடு பற்றி இன்னும் இரண்டு நிமிஷம் பேசத் தோன்றவில்லை.

அன்று போட்ட ஃபேமிலி மெயின்டனன்ஸ் கோடு பி1301. அது வெளிநாடு வாழ் இந்தியர் வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணம். தம்பிக்கு அனுப்பியதோ ஓர் அமெரிக்கக் கம்பெனி, வெப்சைட் டிசைனுக்கு. சரியான கோடு எது என்பதில் குழப்பம் வரத்தான் செய்யும். பி0802 மென்பொருள் ஆலோசனை, பி1006 தொழில், மேலாண்மை ஆலோசனை, பி1007 விளம்பரம். டிசைன் வேலை எதிலும் கச்சிதமாக உட்காராது. ஆனால் இந்த மூன்றில் எதைப் போட்டிருந்தாலும் அது சேவைக்கு வந்த கூலி என்றாவது நின்றிருக்கும்.

முதல் கடிதத்தில் இருந்த அதே கோடு எண்ணையே வங்கி அடுத்தடுத்த வரவுக்கும் போட்டுக்கொண்டு போயிற்று. மொத்தம் 14. வருமான வரியில் ஒரு ரூபாய் மறைக்கவில்லை. வரவு 20 லட்சம் தாண்டியதும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தார், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதமான எல்யூடியையும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் கொடுத்தார். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் அந்தச் சேவைக்கான பணம் அந்நியச் செலாவணியாக வந்தது என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டிய காகிதம் ஃபிரா, அதாவது வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சீட்டு. ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் "குடும்பப் பராமரிப்பு".

ஒப்பந்தம், இன்வாய்ஸ், வங்கிகளுக்கிடையே போகும் ஸ்விஃப்ட் செய்தியின் நகல் எல்லாம் வைத்து வங்கியிடம் திருத்தம் கேட்டோம். 9 வரவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பழைய 5 அப்படியே நிற்கிறது. அவற்றுக்கு எம்டி103 என்ற அந்த ஸ்விஃப்ட் செய்தியின் 70ஆம் கட்டத்தில் அனுப்பியவர் எழுதிய இன்வாய்ஸ் நம்பர்தான் கையில் உள்ள ஒரே பிடி. பதில் கொடுத்தாயிற்று, உத்தரவு வரவில்லை.

கவுன்டரில் சொன்னார்கள், அவர் போட்டார், நான் தலையாட்டினேன், அவ்வளவுதானே என்று சில நாள் தோன்றும். ஆனால் கவுன்டரில் சொன்னதை நம்பியிருந்தால் எனக்கு எதற்கு போன் செய்திருப்பார்?

இப்போதெல்லாம் முதல் இன்வாய்ஸுக்கு முன்பே எந்தக் கோடு என்று முடிவு செய்து, வேலையின் பெயரை ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் வங்கிக் கடிதத்திலும் ஒரே சொல்லில் எழுத வைக்கிறேன். போன வாரம் லோகோ வரையும் ஒரு பெண் கேட்டார். பி1007 என்றேன். "எதுக்கும் பேங்க்ல எழுதி வாங்கிக்கோங்கம்மா" என்றும் சேர்த்துக்கொண்டேன். அது அவருக்காகச் சொன்னதா, எனக்காகவா என்று அன்று ராத்திரி வரை ஓடிக்கொண்டிருந்தது.