தீன்பஹாரில் தவறவிட்ட வண்டி

மிஷனரிகளாகிய நாங்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை “ஆண்டவர் நடத்தினார்” என்பதுதான். பஸ் கிடைத்தாலும் சொல்வோம், கிடைக்காவிட்டாலும் சொல்வோம். விடுமுறையில் ஊருக்கு வந்து சபையில் சாட்சி சொல்ல நின்றால் அது இல்லாமல் முடிக்கத் தெரியாது. சில சமயம் நம் சோம்பேறித்தனத்துக்கும் அதையே போர்த்திவிடுவோம். பணித்தளத்தில் வருஷங்கள் போகப் போக நான் அதைச் சிக்கனமாகத்தான் பயன்படுத்துகிறேன்.

1993-ல் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து ராஜ்மகால் மலைக்குப் போனேன். அப்போது அது பீகார். ஜார்க்கண்ட் பிறக்க இன்னும் ஏழு வருஷம் இருந்தது. சமவெளியில் சந்தால் மக்கள், மலைமேல் மால்தோ மக்கள். சரிவில் காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைப்பார்கள். சபாய்ப் புல்லில் கயிறு திரித்துச் சந்தைக்குச் சுமந்து வருவார்கள்.

“மால்தோவும் திராவிட மொழிதான், உங்களுக்குச் சுலபம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எர்னஸ்ட் ட்ரோஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1884-லேயே அந்த மொழிக்கு ஓர் அறிமுக நூல் வெளியிட்டவர். எனக்கோ ஆறு மாதமாகியும் நாக்கு திரும்பவில்லை. கண் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் நம் சொல்லின் சாயல்தான், ஆனால் தொண்டைக்குள்ளிருந்து வரும். நீ என்பதற்கு ‘நீன்’. சரி, சமாளிக்கலாம். நான் என்பதற்கு ‘ஏன்’! எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே என்னை ஏதோ கேள்வி கேட்கிறார் என்று நினைத்து, நான் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் தீன்பஹார் நிலையத்தில் கண்ணெதிரே பாசஞ்சர் வண்டியைத் தவறவிட்டேன். அடுத்தது மாலையில்தான். எரிச்சலோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். ஜெபிக்கவெல்லாம் இல்லை, டீக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் சில்லறை தர நேரமாக்கியதால்தான் வண்டி போயிற்று.

பக்கத்தில் கயிற்றுக் கட்டுகளோடு ஒரு பெரியவர். மடியில் ஏழெட்டு வயதுப் பேரன். கை கால் குச்சி, இடப்பக்கம் வயிறு மேடிட்டிருந்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று இந்தியில் கேட்டேன். “அறுவடை முடிந்ததிலிருந்து” என்றார். மலேரியா என்று யாரோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கேட்கவில்லை. போன மாதம்தான் எங்கள் தளத்து நர்ஸ் அக்கா என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: “தம்பி, வாரக்கணக்கில் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், உடம்பு உருகுவது, இதெல்லாம் சேர்ந்திருந்தால் காலா அசார் என்று சந்தேகப்படு. மணல் ஈ கடித்து வருவது. விட்டால் ஆளைக் கொன்றுவிடும்.” நான் அரைத்தூக்கத்தில்தான் கேட்டிருந்தேன். ஆனாலும் நினைவில் நின்றது.

மாலை வண்டிக்கு நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். அக்கா பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார், அதேதான். அந்தக் காலத்தில் இப்போதுபோல ஒரே நாள் மருந்து கிடையாது. ஆன்டிமொனி ஊசி, தினம் ஒன்று, வாரக்கணக்கில். பையன் முதல் வாரம் அலறினான், மூன்றாம் வாரம் ஊசி போடும் நேரத்தை அவனே நினைவுபடுத்தினான். தாத்தா எங்கள் திண்ணையில் கயிறு திரித்தபடி தங்கினார். ஊசி நடந்த அத்தனை நாளும் அவர்தான் எனக்கு மொழி ஆசிரியர். என் உச்சரிப்பைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பார். ஆறு மாதத்தில் வராத மொழி அந்தத் திண்ணையில் வந்தது. குணமான பேரனோடு மலையேறும்போது, “எங்கள் ஊருக்கு வா” என்றார். அதுவரை அந்த ஊர்ப் பாதையே எங்களுக்குத் தெரியாது.

சாட்சிக்கு இதுவரை போதும். ஊர்ச் சபையில் நான் எப்போதும் இங்கேதான் நிறுத்துவேன்.

அந்த ஊரில் இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்கும் அதே காய்ச்சல். வியாழக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். புதன் இரவு பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. ஓடை தாண்ட முடியாமல் சனிக்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமையே புதைத்திருந்தார்கள்.

வண்டியைத் தவறவிட வைத்தவர்தானே இந்த மழையையும் பெய்ய வைத்தார்? அந்த வீட்டு வாசலில் எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. தாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், குடிக்க முடியவில்லை. என்னை அறியாமல் தமிழில், “ஏன்... ஏன்...” என்று முனகிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் காதுக்கு அது ‘நான், நான்’ என்றுதானே விழும். நான் என்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் தோளில் கையை வைத்து, நீ இல்லை, நீ இல்லை என்று அவர் மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார்.