பெயர்ப்பலகை எழுத்துக்கு எந்த ரவுட்டர்?

மரப்பலகையில் கையால் எழுத்து வெட்ட ரவுட்டர் (சுழலும் அலகால் மரத்தைக் குடையும் மின்கருவி) வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். இந்த வேலைக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். 6 மி.மீ. பிட் (மெஷினில் மாட்டும் வெட்டு அலகு) போட்டு, தேக்கில் ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம் வெட்ட 500 வாட் தாராளம். முதலில் பார்க்க வேண்டியவை: பிட்டின் நுனி கண்ணுக்குத் தெரிகிறதா, பிடிக்கும் கை பலகையை ஒட்டி இருக்கிறதா, ஓடும் பிட்டை நட்டுக்குத்தாக மரத்தில் இறக்க முடியுமா, வேகத்தைக் குறைக்க முடியுமா.

1300 வாட் ரகப் பெரிய மெஷின்கள் (போஷ் ஜிஓஎஃப் 130 போல) நேர்க் காடி எடுக்க அருமையானவை. ஆனால் கைப்பிடி உயரத்தில் இருக்கும், கனமும் மேலே இருக்கும். ழ, ஞ மாதிரி வளைவுகளில் நாம் மெஷினை ஓட்டுவதில்லை, அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். அதனால் எழுத்துக்கு டிரிம்மர் எனும் சின்ன ரவுட்டர்தான்.

டிரிம்மரிலும் இரண்டு வகை உண்டு. மகிட்டா 3709 (530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று), போஷ் ஜிகேஎஃப் 550 (33,000 சுற்று) போன்றவை ஒரே வேகத்தில் ஓடுபவை. 3, 6 மி.மீ. பிட்டுகளுக்குக் குறையே சொல்ல முடியாது. 25 மி.மீ.க்கு மேல் அகலமான வி-பிட் (V வடிவ நுனி உள்ளது) போட்டால் விளிம்பு வேகம் எகிறி மரம் கருகும்; பிட்டில் அச்சடித்த உச்ச வேகத்தையும் தாண்டலாம். அதற்கு 18,000 சுற்று அளவுக்காவது இறக்க வேண்டும். மகிட்டா ஆர்டி0700சி (710 வாட்) 10,000 முதல் 30,000 வரை மாற்றக்கூடியது. அதற்குப் பிளஞ்ச் பேஸும் (ஓடும் பிட்டை நேராகக் கீழே இறக்கித் தூக்க உதவும் அடித்தட்டு) தனியாகக் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் விலை கூடும்தான். எழுத்து வேலை தொடர்ந்து வருமென்றால் அந்தப் பணம் வீண் இல்லை.

பிளஞ்ச் பேஸ் ஏன்? எழுத்து பலகையின் நடுவில் தொடங்குகிறது. சாதா பேஸில் மெஷினைச் சாய்த்துத்தான் பிட்டை உள்ளே விட வேண்டும். அந்த நொடியில் பிட் துள்ளும், தொடங்கிய இடம் கோட்டைவிட அகலமாகிவிடும்.

கோலெட்டில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பலர் ஏமாறுவது 6 மி.மீ.க்கும் கால் இஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தில். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. கால் இஞ்ச் கோலெட்டில் 6 மி.மீ. ஷாங்க்கை (பிட்டின் காம்பு) எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. ஓட ஓட பிட் கீழே இறங்கும். முதல் எழுத்து 4 மி.மீ. ஆழம், கடைசி எழுத்து 6 மி.மீ. ஆழம் என்று முடியும். அளவு சரியாக இருந்தாலும் ஷாங்க்கை அடிவரை முட்டவிடாமல் 2 மி.மீ. மேலே தூக்கி முறுக்குங்கள். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தேக்கில் சிலிக்கா உண்டு, ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு வாங்குங்கள். வி-பிட்டில் கோணம்தான் ஆழத்தைத் தீர்மானிக்கும்: 12 மி.மீ. அகலக் கோட்டுக்கு 90 டிகிரி பிட் 6 மி.மீ. இறங்கினால் போதும், 60 டிகிரி பிட் 10.4 மி.மீ. இறங்க வேண்டும். 18 மி.மீ. பலகையில் 60 டிகிரி கொஞ்சம் துணிச்சல். ஆனால் நிழல் விழுந்து தூரத்திலிருந்தும் எழுத்து தெளிவாகத் தெரிவது அதில்தான்.

முன்னோக்கித் தள்ளினால் மெஷின் இடது பக்கம் இழுக்கும். பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதன் விளைவு இது. அதனால் முதலில் கோட்டுக்குள் 1 மி.மீ. விட்டு நடுவை எடுத்துவிட்டு, பிறகு ஓரத்தைச் சீவுங்கள். குழி எழுத்துக்கு உள்ஓரத்தை வலஞ்சுழியாக, புடைப்பு எழுத்துக்கு வெளிஓரத்தை இடஞ்சுழியாக. திசை மாறினால் மெஷின் ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டும். உள்ளங்கை ஓரம் எப்போதும் பலகையில் பட்டிருக்கட்டும்.

தமிழ் எழுத்தில் தொல்லை சுழிகள். ண, ணை போன்றவற்றில் சுழிக்குள் மிஞ்சும் மரத் தீவு, ரேகைக்குக் குறுக்கே குட்டையாக நின்றால் பிய்ந்துவிடும். 6 மி.மீ. பிட்டில் எழுத்து உயரம் 60 மி.மீ.க்குக் குறைந்தால் தீவு மெலிந்துவிடும், 3 மி.மீ. பிட்டுக்கு மாறி, ஓட்டத்துக்கு ஒன்றரை மி.மீ. மட்டும் எடுங்கள். ட, ப மூலைகளில் பிட்டின் ஆரம் அப்படியே நிற்கும். உளியால் சதுரமாக்குங்கள், இல்லையேல் முதலிலேயே மூலை உருண்ட எழுத்துரு எடுங்கள்.

கூடவே வரும் பேஸ் சிறியது, பார்வையையும் மறைக்கும். 6 மி.மீ. அக்ரிலிக்கில் 200 × 150 மி.மீ. துண்டு வெட்டி மாட்டினால் நுனியும் தெரியும், அகலக் குழிகள்மேல் சாயாமலும் நிற்கும்.

புள்ளிகளைக் கடைசியில் ஒன்றாக வையுங்கள். உருண்டை நுனி பிட், பிளஞ்ச் ஸ்டாப் (பிட் இறங்கும் ஆழத்தை நிறுத்தும் தடுப்பு) ஒரே அளவில். இறக்கியவுடன் தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் அடியில் கருகல் பிடிக்கும், அந்தக் குழிக்குள் உப்புத்தாள் நுழையாது.