“உங்க மெஷின் குறைவா காட்டினா என்ன பண்ணுவீங்க?”

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சில்வர் டப்பாவில் இருக்கும். எடுத்துப் போகிறவர்கள் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, சானிடைசரால் துடைத்துத் திரும்ப வைத்துவிட வேண்டும். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி, மேலே இருந்தால் வீடு. அந்த ஒரு எண்ணை நம்பித்தான் தெருவே தூங்கியது. நான் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவள் என்பதால் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள்: “இது சரியா காட்டுதாம்மா?” காட்டும் என்று சொன்னேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.

நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்திருக்கிறது. வெள்ளையின நோயாளிகளின் அளவீடுகளில் 3.6 சதவீதத்தில் இப்படி நடந்தது, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதத்தில். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் திண்ணையில் இருந்த சில்வர் டப்பாதான் ஞாபகத்துக்கு வந்தது.

கருவி ஆக்சிஜனை நேரடியாக அளப்பதில்லை. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டுக்கும் விகிதம் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வழி இது, அழகான வழி. ஆனால் அந்த விகிதம் எத்தனை சதவீத ஆக்சிஜனுக்குச் சமம் என்பதைக் கணக்கிலிருந்து கொண்டுவர முடியாது. ஆரோக்கியமான ஆட்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, ரத்த மாதிரியோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரிப்பார்கள். அந்த அட்டவணைதான் கருவிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர், அதில் கருமையான தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. பத்துக்கு இரண்டு. நம் ஊரில் அந்த இரண்டு பேரின் இடத்தில் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

அதனால் முனைவர் பட்டத்துக்கு இதையே எடுத்தேன். நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஆக்சிமீட்டர்கள் நம் ஊர்த் தோலில் எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்பதுதான் கேள்வி. ஆட்களைக் கூப்பிட்டு ஆக்சிஜனை 70 வரை இறக்கிச் சோதிக்கும் வழியை நாங்களே வேண்டாம் என்று வைத்தோம். கொஞ்சம் பணம் தருகிறோம் என்று அறிவித்தால் யார் வருவார்கள் என்று யோசித்தாலே போதும். ஹாஸ்டல் மெஸ் பாக்கி உள்ள பையன்கள்தான் வருவார்கள். அப்புறம் இருந்த ஒரே வழி ஐசியு. அங்கே சில நோயாளிகளுக்கு ஆர்ட்டீரியல் லைன், அதாவது தமனிக்குள் ஒரு மெல்லிய குழாய், போட்டிருப்பார்கள். சிகிச்சைக்காகவே தினமும் சில முறை அதிலிருந்து ஏபிஜிக்கு, அதாவது தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் போன்ற வாயுக்களைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு, ரத்தம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் கருவியை விரலில் மாட்டி, இரண்டு எண்ணையும் ஒப்பிடலாம். புதிதாக ஒரு ஊசி கூடக் கிடையாது. இதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று நினைத்தேன்.

எம்.இ. வரை எனக்கு சிக்னல் ப்ராசஸிங்கும் சென்சாரும் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு நெறிமுறைப்படி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டி என்று ஒன்று இருப்பதைப் பற்றி ஒரு பீரியட் கூட நடக்கவில்லை. ஆய்வுத் திட்டம், தகவல் தாள், சம்மதப் படிவம், அவற்றின் தமிழ், அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கியது, பட்ஜெட், மருத்துவ ஆய்வை முறையாக நடத்தப் பயிற்சி பெற்றதற்கான ஜிசிபி சான்றிதழ் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கட்டு ஆனது. ஐசியு டாக்டர் ஒருவர் முதன்மை ஆய்வாளராக இருக்கச் சம்மதித்தார். படிவத்தில் ‘குறைந்தபட்ச ஆபத்து’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, விரைவுப் பரிசீலனை வேண்டும் என்று கேட்டிருந்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. நினைவில்லாமல் கிடக்கும் நோயாளி தானாகச் சம்மதம் சொல்ல முடியாதவர், அதனால் முழுக் கமிட்டி கூடித்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. நான் கருவியின் ஆபத்தைத்தான் கணக்குப் போட்டிருந்தேன், படுத்திருக்கிற ஆளை யோசிக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருக்கலாம். தலைவர் வெளி நிறுவனத்திலிருந்து வர வேண்டும், சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும், மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் வேண்டும். எங்கள் கமிட்டியில் அந்தப் பிரதிநிதி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மற்றவர்கள் ஆங்கிலக் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் தமிழ்த் தகவல் தாளை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டி, “இதை வாய்விட்டு வாசிம்மா” என்றார்.

வாசித்தேன். “இந்தச் சோதனையில் தங்கள் நோயாளி தன்னிச்சையாகப் பங்கேற்க...” அங்கேயே நிறுத்தச் சொன்னார். “ஐசியு வாசல்ல மூணு நாளா உக்காந்திருக்கிறவங்ககிட்ட போய் சோதனைன்னு சொல்லுவியா? சாமி சோதிக்குதுன்னு ஏற்கனவே அழுதுட்டுதான் இருப்பாங்க.” சரி, பரிசோதனை என்று மாற்றிவிடுகிறேன் என்றேன். “அது இன்னும் மோசம். பரிசோதனைன்னா நோயைக் கண்டுபிடிக்க எடுக்கிற டெஸ்ட்டுன்னு நினைச்சு உடனே கையெழுத்துப் போட்டுருவாங்க.” ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று நோயாளி நினைத்துக்கொள்ளும் ஆபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். அது ஒரு தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அவர் சொன்னபடி முதல் வரி இப்படி ஆனது: “இந்தக் கருவியை மாட்டுவதால் உங்கள் நோயாளிக்கு எந்த நன்மையும் கிடைக்காது. மாட்ட வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சிகிச்சை இதேபோல் நடக்கும்.” அந்தத் தாளிலேயே நேர்மையான வரி அதுதான்.

ஒரு விநியோகஸ்தர் ஆய்வுக்காக ஆறு ஆக்சிமீட்டரை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். பட்ஜெட்டில் அந்த இடம் காலியாக இருப்பதைக் கமிட்டியின் வழக்கறிஞர் கண்டுபிடித்தார். கடையில் போய்க் காசு கொடுத்து வாங்குங்கள், ஆய்வுக்கு என்று சொல்லாமல் வாங்குங்கள் என்றார். பொறுக்கியெடுத்த நல்ல கருவிகளை அனுப்பிவிட்டால் மக்கள் வாங்கும் கருவியைப் பற்றி எதுவும் தெரியாது, இல்லையா? என் ஸ்டைபெண்டிலிருந்து வாங்கினேன்.

தோல் நிறத்தை எப்படிக் குறிப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. பாடப்புத்தகத்தில் உள்ள ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியுமா, கருக்குமா என்று கேட்பது. நாற்று நடுகிறவரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? அதனால் நிற அட்டை ஒன்றைக் கையோடு வைத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தேன். பெயிண்ட் கடையில் நிறம் பார்ப்பதுபோல் அப்பாவின் தோலுக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடிப்பதை மகள் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். நிறத்தை வைத்துப் பெண் பார்க்கும் ஊரில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தோல் சிகிச்சைப் பிரிவில் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் ஒன்று இருந்தது. முன்கையின் உட்புறம் வைத்து அழுத்தினால் ஒரு எண் வரும், அவ்வளவுதான். அதற்கு மாறினோம்.

இதெல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகிற நேரத்தில்தான் தலைவர் கேட்டார்.

நர்ஸும் டாக்டரும் எங்கள் எண்ணைப் பார்த்துக் குழம்பக்கூடாது என்பதற்காக, கருவியின் திரையை டேப்பால் மூடிவிடுவோம், அளவு புளூடூத்தில் லேப்டாப்புக்கு மட்டும் போகும் என்று எழுதியிருந்தேன். இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். தலைவர் அந்தப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு, “பெட் மானிட்டர் 95 காட்டுது. உங்க மெஷின் 86 காட்டுது. உங்க மெஷின் குறைவா காட்டினா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

எங்கள் கருவி சரியா இல்லையா என்பதே தெரியாது சார், அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு என்றேன்.

“சரின்னு தெரியாதுன்னா, தப்புன்னும் தெரியாதே.”

பேச எதுவும் வரவில்லை. வழக்கறிஞர் தொடர்ந்தார்: “டேப் ஒட்டினா டாக்டருக்குத் தெரியாது. லேப்டாப்புக்குத் தெரியும். லேப்டாப் யார் கையில இருக்கு?”

என் கையில்.

விண்ணப்பத்தைத் திருத்தி வரச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்துத்தான். அந்த இரண்டு மாதமும் எனக்கும் கைடுக்கும் இதே பேச்சுதான். அவர் சொன்னதும் நியாயமானதே. எண் குறையும்போதெல்லாம் நர்ஸிடம் சொன்னால், அவர்கள் உடனே ஒரு ஏபிஜி எடுப்பார்கள். அப்படிச் செய்தால் இரண்டு கருவியும் முரண்படும் நேரங்கள் மட்டும் தரவில் குவிந்துவிடும். கருவி இருப்பதைவிட மோசமானது போலவோ நல்லது போலவோ தெரியும். ஆய்வே கெட்டுப்போகும். கெட்ட ஆய்வுக்காக ஒரு நோயாளியைத் தொந்தரவு செய்வதும் தப்புதானே என்பார். எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. லேப்டாப்பில் 86 என்று பார்த்துக்கொண்டே ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், நான்கு அடி தூரத்தில் ஒருவர் மூச்சு வாங்குகிறார். அந்த ஆள் நான்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் புள்ளியியல் பேராசிரியை. சொல்வதையும் கணக்கையும் பிரித்துவிடுங்கள் என்றார். சிகிச்சைக்காக டாக்டர் தானாக எடுக்கும் ஏபிஜி எல்லாம் முதன்மைக் கணக்கில் வரும். நாங்கள் சொன்னதால் எடுத்த ஏபிஜி எல்லாம் தனியாகக் குறிக்கப்பட்டு, தனி அட்டவணைக்குப் போகும். எப்போது சொல்வது என்பதற்கும் விதி எழுதினோம்: எங்கள் கருவி 88 அல்லது அதற்குக் கீழே போனாலும், மானிட்டரிலிருந்து 4-க்கு மேல் விலகினாலும், அது ஒரு நிமிடம் நீடித்தால் டியூட்டி நர்ஸிடம் சொல்ல வேண்டும். 4 என்பது நாங்களாகப் பிடித்த எண் இல்லை, ஆக்சிமீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் பிழையின் வரம்பு அது. ஆர்ட்டீரியல் லைன் ஏற்கெனவே உள்ளவர்களை மட்டும் சேர்ப்பது, ஆக்சிஜன் செறிவை நேரடியாக அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் வசதி உள்ள ஏபிஜி கருவியில் மட்டும் பார்ப்பது என்றும் சேர்த்தோம். சாதாரண ஏபிஜி கருவி ஆக்சிஜன் செறிவை அளப்பதில்லை, மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. இதை ஆரம்பத்தில் நானே கவனிக்காமல் விட்டிருந்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒப்புதல் கடிதம் வந்ததும் இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்தோம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் பதிந்தாக வேண்டும், பின்னால் பதிய முடியாது. முதல் விண்ணப்பத்திலிருந்து அதுவரை ஏழு மாதம்.

சம்மதம் வாங்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நினைவில்லாதவருக்காக வீட்டார் கையெழுத்துப் போடலாம், ஆனால் நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும் என்பது விதி. லாரி டிரைவர் ஒருவருக்கு அவர் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தார். ஐந்தாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்ததும் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் நல்லதுதான் பாப்பா. ஆனா எனக்கு வேண்டாம். நான் கெடந்த கெடையை யாரும் எண்ணி எழுத வேண்டாம்” என்றார். அவர் எதிரிலேயே கோப்பை அழித்தேன். பதினொரு அளவீடுகள் இருந்தன, அவரைப்போன்ற கருத்த தோல் உள்ளவர்கள் எங்கள் பட்டியலில் அப்போது குறைவு. மனசு வலித்தது. அழித்ததில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

விதி வேலைக்கு வந்தது ஒரு ராத்திரி இரண்டேகால் மணிக்கு. அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர். மானிட்டர் 94. எங்கள் கருவி 90, 89, 88. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து போய்ச் சொன்னேன். நர்ஸ் முதலில் விரலைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இல்லை. நகத்தில் மருதாணி, சாயம் எதுவும் இல்லை. பிறகு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். லைனிலிருந்து ஒரு மில்லி ரத்தம். ஏபிஜி கருவி இரண்டு நிமிடத்தில் துண்டுக் காகிதத்தைத் துப்பியது: 87. டாக்டர் எதுவும் பேசாமல் ஆக்சிஜனைக் கூட்டினார். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து, தனி அட்டவணையில் அந்த வரியை நிரப்பினேன். எல்லா நாளும் இப்படி இல்லை. அடுத்த வாரமே எங்கள் கருவி சொன்ன 86 முழுப் பொய்யாக இருந்தது. விரலில் கிளிப் நழுவியிருந்தது, ரத்தம் எடுத்தது வீண். அதுவும் அதே அட்டவணையில் இருக்கிறது.

முடிவுகளை யாருக்குச் சொல்வீர்கள் என்றும் தலைமை ஆசிரியை அன்றைக்கே கேட்டிருந்தார். அதனால் படிவத்தில் “முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா?” என்று ஒரு கட்டம் உண்டு. ஆய்வு முடிந்ததும் டிக் போட்டவர்களின் வீடுகளுக்குத் தமிழில் ஒரு பக்கம் அனுப்பினோம். இறந்துபோனவர்களின் வீட்டுக்கு மட்டும் கடிதம் நேராகப் போகவில்லை. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் முதலில் போன் செய்து, வேண்டுமா என்று கேட்ட பிறகே அனுப்பினார்.

அந்த விவசாயி வீடு திரும்பியிருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தில் அவர் மகள் என்னைக் கூப்பிட்டார். “அக்கா, அப்பா கருப்பா இருக்கிறதாலதான் மெஷின் தப்பா காட்டுச்சா?” இல்லை, மெஷினை அப்பா மாதிரி ஆட்களை வைத்துச் சரிபார்க்கவில்லை, தப்பு அங்கே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் வீட்டுக்கு ஒன்று வாங்கணும், எதை வாங்கலாம் என்று கேட்டார். ஆய்வுக் கட்டுரை இன்னும் வெளிவராத நிலையில் கம்பெனி பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அதையும் அவரிடம் சொன்னேன். அப்பா நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள், அவருடைய வழக்கமான எண் எது என்று தெரிந்துவிடும், அதிலிருந்து மூன்று நான்கு இறங்கினாலே போன் பண்ணுங்கள், எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மெஷினைப் பார்க்காமல் கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன். இருங்க அக்கா, எழுதிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேனா தேடப் போனார்.