பிஸ்கால் தூக்கிய தையல் மெஷினும் நான் வாங்கிய நட்டஈடும்

யாரோ பட்ட கடனுக்கு, பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் உத்தியோகத்தர்) உங்கள் வீட்டுக்கு வந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனால், அதற்குப் பிறகு இரண்டு வேலைகள் இருக்கின்றன. சாமானை மீட்பது ஒன்று. அதனால் வந்த நட்டத்தை வாங்குவது இன்னொன்று. முதலாவதைப் பற்றிக் கேட்டால், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் யாரும் வழி சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டால், "சாமான்தான் கிடைச்சிட்டே, இனி ஏன் அலையிறீங்க" என்பார்கள். எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அண்மையில் இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2018இல் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்துவிட்டு, கட்டாமல் வீட்டையும் விட்டுப் போய்விட்டார். நிறுவனம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, டிக்ரி (தீர்ப்புக் கட்டளை) எடுத்து, அதன்படி சாமான்களைப் பிடிப்பதற்கான கட்டளையான ரிட்டும் எடுத்துவிட்டது. அந்த ரிட்டில் இருந்தது எங்கள் முகவரி.

வந்த அன்று வீட்டில் மாமி மட்டும்தான். பிஸ்கால் உத்தியோகத்தர், அவரோடு நிறுவனத்தின் ஆள் ஒருவர், சாமான் தூக்க இரண்டு பேர். "அவங்க போய் ரெண்டு வருஷமாச்சு, இதெல்லாம் எங்கட சாமான்" என்று மாமி தமிழில் சொல்லியிருக்கிறார். நிறுவனத்து ஆளுக்குத் தமிழ் விளங்கும். "அதைக் கோர்ட்ல சொல்லுங்கம்மா" என்றாராம். பிரிட்ஜ், டிவி, என்னுடைய இரண்டு தையல் மெஷின்கள் எல்லாம் போயின. மெஷின் இரண்டும் ஜூக்கி கம்பனியுடையவை. தலையை மேசையிலிருந்து கழற்றாமல் படியில் இறக்க முடியாது. கழற்றியவர்கள் எண்ணெய்த் தட்டை அப்படியே சாய்த்ததில், மேசையில் மடித்து வைத்திருந்த கல்யாண பிளவுஸ் துணி முழுக்க எண்ணெய். ஊசியில் பாதி தைத்த கையொன்று மாட்டியிருந்தது. அதை இழுத்துக் கிழித்துக் கீழே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கையில் கொடுத்துவிட்டுப் போன பட்டியல் சிங்களத்தில் இருந்தது. "தையல் இயந்திரம் 2" என்று மட்டும். மாடல் இல்லை, இலக்கம் இல்லை. அடியில் மாமியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு, சாமான் கடனாளியுடையது என்று மாமி ஒப்புக்கொண்டதாகவே நிறுவனத்துச் சட்டத்தரணி பிறகு வாதாடினார். எடுத்த பொருட்கள் இன்னவை என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து என்று எங்கள் சட்டத்தரணி சொல்ல வேண்டியதாயிற்று. இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட, உங்களுக்குத் தெரிந்த மொழியில், "இவை என்னுடைய பொருட்கள், இன்னார் இங்கே குடியிருக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். தேதியும் நேரமும் போடுங்கள்.

அன்று பின்னேரமே பொலிஸுக்குப் போனோம். சிவில் விஷயம், நீதிமன்றக் கட்டளை இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அது சரிதான். ஆனாலும் முறைப்பாட்டை எழுதச் சொல்லி, பிறகு அதன் பிரதியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். சம்பவம் நடந்த நாளிலேயே இதையெல்லாம் சொன்னேன் என்பதற்கு அதைவிட மலிவான சாட்சி கிடையாது.

மறுநாள் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைத்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேசுவார்கள், மற்றவர்களுக்கும் ஆலோசனை சொல்வார்கள். எங்கள் வருமானத்துக்கு வழக்கை எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. ஆனால் அங்கே இருந்த பெண் சட்டத்தரணி கால் மணி நேரத்தில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 241ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ரிட்டில் பிடித்த பொருள் தன்னுடையது என்று மூன்றாம் ஆள் உரிமை கோரினால், பிஸ்கால் அதை நீதிமன்றத்துக்கு அறிக்கை செய்ய வேண்டும். நீதிமன்றம் சுருக்கமாக விசாரிக்கும். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் கோர வேண்டும். இழுத்தடித்தால் சந்தேகம் உங்கள் மேல் திரும்பும்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தொழில் கருவிகளைப் பிஸ்கால் தொடக்கூடாது என்று சொல்வார்கள். 218ஆம் பிரிவில் உடுபுடவை, கட்டில் படுக்கை, தொழில் கருவிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அது கடனாளிக்குக் கொடுத்த பாதுகாப்பு. நான் கடனாளியே இல்லை. அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நானே என்னைக் கடனாளியின் இடத்தில் நிறுத்துவதாகிவிடும் என்று அந்தச் சட்டத்தரணி எச்சரித்தார்.

தெரிந்தவர் மூலம் தனியார் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்), மனு, பிரோக்சி (எனக்காகத் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எல்லாம் தயாராயின. விசாரணை முடியும்வரை, பிடித்த சாமான்களை விற்கும் ஏலத்தை ஒத்திவைக்கும்படிதான் முதலில் கேட்டார். அது கிடைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விசாரணையில் பார்ப்பது, பிடித்த தேதியில் அந்தப் பொருளில் உங்களுக்கு உரித்து இருந்ததா, அது உங்கள் கைவசம் இருந்ததா என்பதைத்தான். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. எங்களைக் காப்பாற்றியவை சில தாள்கள். வாடகை ஒப்பந்தம். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கியது. மெஷின்களின் உத்தரவாத அட்டை. அதில் தொடர் இலக்கம் இருந்தது. பிரிட்ஜுக்கு ரசீது காணாமல் போய்விட்டது, ஆனால் என் கணவரின் கடன் அட்டைக் கூற்றில் கடையின் பெயரும் தொகையும் இருந்தன. டிவி என் தம்பி தந்தது. அவன் தனியாக ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தான். மின் பட்டியல் வீட்டுக்காரம்மாவின் பெயரில் இருந்ததால் அது எதற்கும் உதவவில்லை.

நாங்கள் கடனாளியின் உறவினர்கள், சாமானை மறைக்கிறோம் என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. இரண்டு பேரும் தமிழர், ஒரே வீடு என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கு நடப்பது சிங்களத்தில். அந்த மொழி விளங்காத தரப்பினருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது, செலவில்லாமல். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். தலையாட்டிக்கொண்டு நின்றால் விளங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சில தவணைகளுக்குப் பிறகு பொருட்களை விடுவிக்கக் கட்டளை வந்தது. கட்டளை எதிராகப் போனால் 14 நாட்களுக்குள் தனி வழக்குப் போட வழி உண்டு, 247ஆம் பிரிவின்படி. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. மெஷின்களைத் திரும்ப எடுத்த இடத்திலேயே, ஓட்டோவில் ஏற்றுவதற்கு முன், கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் பிடித்தேன். ஒன்றுக்கு நூல் தாங்கி உடைந்திருந்தது. மற்றதற்கு ஹூக் டைமிங் தப்பி, நாலு அங்குலம் தைப்பதற்குள் நூல் அறுந்தது. புறக்கோட்டையில் வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோய், திருத்த முன்னர் என்ன பழுது, எதனால் என்று கடையின் தலைப்புத் தாளில் எழுதி வாங்கினேன். அவருக்கு எழுதுவதென்றால் ஆகாது. "மிஸ், நான் செய்து தாறன், எழுத்தெல்லாம் ஏன்" என்று முணுமுணுத்தார். கெஞ்சித்தான் வாங்கினேன். பிறகு அந்தத் தாளில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

இனி இரண்டாவது வேலை.

யாரிடம் கேட்பது என்பதுதான் முதல் கேள்வி. ஆத்திரத்தில் எல்லோரும் பிஸ்காலைத்தான் பார்ப்போம். சட்டத்தரணியின் கருத்து வேறு. பிஸ்கால் நீதிமன்றத்தின் கட்டளையோடு வந்தவர்; அவர் மேல் வழக்குப் போவது கடினம். அரசாங்க உத்தியோகத்தர் என்பதால், அதே குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவின்படி முதலில் ஒரு மாத அறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் பொருளைக் காட்டிக்கொடுத்தது நிறுவனம். அதற்குக் கோரிக்கைக் கடிதம் ஒன்று போதும். நம் நாட்டில் இந்த மாதிரி நட்டத்துக்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் ரோமன் டச்சுச் சட்டம்தான். பணநட்டம் வந்தது என்றும், அது எதிராளியின் கவனயீனத்தாலோ வேண்டுமென்றோ வந்தது என்றும் காட்ட வேண்டும். அவமானத்துக்குக் கேட்பது அதிலிருந்து வேறுபட்ட கோரிக்கை. நட்டம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் காலாவதியாகிவிடும்.

கவனயீனம் என்பதற்கு ஆதாரம் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது. பழைய குடியிருப்பாளர் போய்ச் சில மாதங்களில், அவருக்கு வந்த கடிதங்களைப் பார்த்து எரிச்சலடைந்து, அவர் இங்கே இல்லை என்று நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறார். தபால் பற்றுச்சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். எந்தத் தாளையும் எறியாத மனிசி. அந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால் நிறுவனம் "எங்களுக்குத் தெரியாது" என்று கைகழுவியிருக்கும்.

நட்டத்தைக் கணக்கிட்டது என் அளவுப் புத்தகத்தை வைத்துத்தான். எந்த வாடிக்கையாளர், என்ன அளவு, எவ்வளவு முற்பணம், என்றைக்குக் கொடுக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். எந்தெந்த முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், எந்த வேலையை வெளியே கொடுத்துத் தைத்தேன் என்று பக்கத்துக்குப் பக்கம் காட்ட முடிந்தது. எண்ணெய் பட்ட துணிக்கு நான் வாங்கிக் கொடுத்த மாற்றுத் துணியின் ரசீது இருந்தது. பிரிட்ஜில் கெட்டுப்போன மீனையும் சேர்த்தேன். "மீனுக்கும் காசா?" என்று நிறுவனத்தார் சிரித்தார்கள். விலை எழுதியிருந்தேன், கணக்கிலிருந்து அதை எடுக்கவில்லை.

கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் இல்லை. அப்போது 5 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த விவகாரங்கள் நேரடியாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது; மத்தியஸ்த சபைக்கு முதலில் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழோடுதான் வழக்கைத் தாக்கல் செய்யலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம். நான் இதை வெறும் சடங்கு என்றுதான் நினைத்துப் போனேன். வார இறுதியில் ஒரு பாடசாலை வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் வாங்கு, மூன்று மத்தியஸ்தர்கள். ஆளுக்கொருவரை நாங்களும் அவர்களும் தெரிவு செய்ய, அந்த இருவர் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்தார்கள். சட்டத்தரணிகளுக்கு அங்கே பேச இடமில்லை. பெரிய நிறுவனத்தின் ஆளும் நானும் ஒரே வாங்கில் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் தடவை வந்தவர், தனக்கு முடிவெடுக்க அதிகாரம் இல்லை என்றார். தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அடுத்த முறை அதிகாரக் கடிதத்தோடு வரச் சொல்லி, கொஞ்சம் கண்டிப்பாகவே அனுப்பினார். அடுத்த முறை வந்தவர் மெக்கானிக்கின் தாளையும் பற்றுச்சீட்டையும் நெடுநேரம் பார்த்தார். நான் கேட்டது 3,40,000 ரூபாய். முடிந்தது 2,10,000இல். அவமானத்துக்குக் கேட்டதை முற்றாக மறுத்தார்கள், எழுத்தில் மன்னிப்புக் கேட்கவும் மாட்டோம் என்றார்கள். விட்டுவிட்டேன். வழக்காகப் போனால் எத்தனை வருடம் என்பதைச் சட்டத்தரணி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இணக்கப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: இச்சம்பவம் தொடர்பாக எவர் மீதும் இனி எந்த முறைப்பாடும் செய்வதில்லை என்று. நான் அதற்கு உடன்படவில்லை. பிஸ்கால்மாரின் ஒழுக்காற்று விஷயம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. மாமி சொன்னதைப் பதியாமலேயே சாமானைத் தூக்கியது பற்றி அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தேன். "எவர் மீதும்" என்பதை வெட்டி, "மேற்படி நிறுவனத்தின் மீது" என்று எழுதச் சொன்னேன். வந்தவர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சரி என்றார். வெட்டிய இடத்தில் இரண்டு தரப்பும் சிறு கையொப்பம் போட்டோம். தமிழ்ப் பிரதியும் கேட்டு வாங்கினேன்.

காசோலை சொன்ன தவணைக்குள் வந்தது. அதில் ஒரு பங்கு சட்டத்தரணிக்குப் போனது. நீதிச்சேவை ஆணைக்குழுவிலிருந்து முறைப்பாடு கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது, பிறகு மாமியை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். அதன் முடிவை எங்களுக்கு எழுதி அனுப்பவில்லை.