12ம் கட்டில்

ஜூன் 3
மதியம் 2 மணிக்கு லாரிச் சக்கரம் ஏறியது. வலது கால், முழங்காலுக்குக் கீழே கடைசி மூன்றில் ஒரு பங்கு. எலும்பு 9 செ.மீ. வெளியே, மேல் சவ்வு உரிந்து வெள்ளையாக. உள்ளங்காலில் தொட்டால் தெரிகிறது என்கிறான். திறந்த எலும்பு முறிவுக்கான கஸ்டிலோ வகையில் மூன்று பி, எலும்பை மூடச் சதை போதாத ரகம். காயத்துக்கு மதிப்பெண் போடும் கோவை கங்கா ஆஸ்பத்திரி ஸ்கோர் 11. 14 வரை காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், 17 தொட்டால் எடுத்துவிடுவதே மேல். தூக்கத்தைக் கெடுப்பது 15, 16தான். இது அந்த ரகம் இல்லை.

இரவே கழுவியாயிற்று, 9 லிட்டர் சலைன். பீய்ச்சி அடிக்கவில்லை, அடித்தால் மண் இன்னும் உள்ளேதான் போகும். கிள்ளினால் துடிக்காத தசை, வெட்டினால் ரத்தம் வராத தசை, எல்லாம் போச்சு. எலும்பை மிளகாய்த்தூள் தூவினாற்போலச் சிவப்புப் புள்ளி தெரியும்வரை சுரண்டினோம். ரத்தத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையை ஏற்றாமல் செய்தால்தான் அந்தப் புள்ளி தெரியும். வெளியே கம்பிச் சட்டம்.

ஜூன் 4
காயத்தை உறிஞ்சிவைக்கிற வேக்கம் டிரெஸ்ஸிங் போட்டிருக்கிறது, அழுத்தம் மைனஸ் 125 மி.மீ. பாதரசம். அது ஃபிளாப், அதாவது ரத்தக்குழாயோடு எடுத்து மூடும் சதை, வரும்வரை மூடிவைக்கிற மூடி, அவ்வளவுதான். அதைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் நிம்மதியாக இருப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. மைக்ரோசர்ஜன் கோடினா 532 பேரின் கணக்கை வெளியிட்டது 1986ல். 72 மணி நேரத்துக்குள் மூடு என்பதை இன்னும் எத்தனை தடவை சொல்வது?

முழங்காலை ஒட்டிய காயம் என்றால் கெண்டைக்கால் தசையைத் திருப்பி மூடலாம், நடுவில் என்றால் அதன் அடியில் இருக்கிற சோலியஸ் தசையை. கீழே வந்தால் எல்லாம் தசைநாண், திருப்பிப்போடச் சதையே கிடையாது. கெண்டைக்கால் பின்புறத் தோலைக் கீழே திருப்பிப்போடும் ரிவர்ஸ் சூரல் ஃபிளாப் எடுக்கலாமா என்று பேச்சு வந்தது. வெளிக் கணுவுக்கு 5 செ.மீ. மேலே இருக்கிற குழாயை நம்பித்தான் அது உயிர்வாழ வேண்டும். அந்த இடமே கன்றிப் போயிருக்கிறது. வேண்டாம். தொடையின் முன்-வெளிப் பக்கத்திலிருந்து எடுக்கும் ஏ.எல்.டி. ஃபிளாப்.

சி.டி. ஆஞ்சியோ: காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற முன் ஆர்ட்டரி அறுந்திருக்கிறது. பின்பக்கத்து ஆர்ட்டரி, பின் டிபியல், நன்றாக ஓடுகிறது.

ஜூன் 5
இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி மேல்மூலைக்கு ஒரு கோடு. நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவி வட்டத்தின் வெளிப்பக்கக் கீழ்ப்பகுதியில் கத்தியது, எதிர்பார்த்த இடம்தான். 15க்கு 8 செ.மீ. எடுத்தோம், 8க்கு மேல் அகலம் போனால் தொடை மூடாது.

ஃபிளாப்பின் ஆர்ட்டரியை பின் டிபியலின் பக்கவாட்டில் சேர்த்தது, பாதத்துக்குப் போகிற ஓட்டம் நிற்காமல். காயத்துக்கு நன்றாக மேலே போய்த்தான் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற குழாய் பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் நசுங்கியிருக்கும். தையல் நூல் மிக மெல்லிய 9-0 நைலான். முன்சுவர் தையலில் பின்சுவரும் மாட்டிக்கொண்டால் முடிந்தது கதை. ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற வெயின் இரண்டு சேர்த்தோம்.

வெயின்தான் கவலை. ஆர்ட்டரி சத்தம் போடும், டாப்ளரில் கேட்கும். வெயின் மௌனமாகச் சாகும்.

ஜூன் 6, விடியல் 4
மணிக்கு ஒரு தரம் ஃபிளாப்பைப் பார்க்கிறோம். இளஞ்சிவப்பு. அழுத்தினால் 3 நொடியில் நிறம் திரும்புகிறது. குளிர் ஆகாது என்று ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன். யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 6, மாலை 5.40
ஃபிளாப்பின் ஓரத்தில் நாவற்பழ நிறம். அழுத்தினால் ஒரு நொடிகூட ஆகவில்லை, அதற்குள் நிறம் வந்துவிடுகிறது. வேகமாகத் திரும்புவதைப் பார்த்து நல்லது என்று சார்ட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்! ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் உடனே கொட்டுகிறது. ஆர்ட்டரி அடைத்திருந்தால் வெளுத்துப்போய், குத்தினாலும் ரத்தம் வராது. இது வெயின். கட்டைத் தளர்த்தி, இரண்டு தையலைப் பிரித்து 20 நிமிடம் பார்த்தோம். மாறவில்லை. தியேட்டர்.

குழாய்க்கு மேலே உறைந்த ரத்தம் ஒரு கைப்பிடி. தோலை இழுத்து மூடிய இடத்தில் நசுங்கி, ஒரு வெயினில் அடைப்பு. அடைத்த துண்டை வெட்டி மறுபடி சேர்த்தாயிற்று. இந்த முறை அங்கே தோலை இழுக்கவில்லை, மேலே ஒட்டுத்தோல் மட்டும்.

ஜூன் 7
இளஞ்சிவப்பு.

ஜூன் 8
“நரம்பை ஒட்டவெச்சாச்சா சார்?” என்று அம்மா கேட்டார். இங்கே ரத்தக்குழாயும் நரம்பு, நரம்பும் நரம்பு. ஆச்சும்மா என்றேன்.

மாமாவிடம் பீடி வாசம். கட்டில் பக்கம் வரக்கூடாது என்று சிஸ்டர் விரட்டிவிட்டார். நிகோட்டினுக்கு அந்தக் குழாய் சுருங்கும்.

ஜூன் 10
9ம் கட்டில், குதிகால். ரிவர்ஸ் சூரலின் நுனி 2 செ.மீ. கறுத்துவிட்டது. சர்க்கரை வேறு. ஃபிளாப்பின் ரத்தக்குழாய்த் தண்டை இறுக்கமான தோலுக்கடியில் நுழைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள், திறந்துவைத்திருக்க வேண்டும். மறுபடி அதே வெயின். செத்த சதையின் எல்லை தெளிவாகட்டும், இப்போதே வெட்டினால் நல்லதையும் சேர்த்து வெட்டுவோம்.

ஜூன் 13
12ம் கட்டில் காலைத் தொங்கவிட்டது. முதலில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, 5 நிமிடம், மூன்று வேளை. ஊதாவாகிறது, தூக்கி வைத்ததும் தெளிகிறது.

ஜூன் 14
10 நிமிடம். தெளிய எடுத்த நேரம் நேற்றைவிடக் குறைவு.

9ம் கட்டிலில் வாடை அடிக்கிறது என்கிறார் சிஸ்டர்.