வாளையாறு தாண்டுவதற்குள் ஒரு டிரா

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் பையில் ஒரு மடக்கு காந்த செஸ் போர்டு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் துண்டை மடித்து வைத்தால் வளைவில் நழுவாது. இந்தத் தூரத்துக்குச் சரியாக ஓர் ஆட்டம் இருக்கிறது: 2013 நவம்பர் 9, சென்னை, உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். சவால் விட்ட நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் வெள்ளை, அப்போதைய சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு. 16 நகர்வில் டிரா.

போத்தனூர், மதுக்கரை வரை தொடக்க நகர்வுகளை மளமளவென்று நகர்த்திவிடலாம். எட்டிமடையில் நிதானம் வேண்டும். 11ஆவது நகர்வில் ஆனந்தின் குதிரை சி4க்கு (சி நெடுவரிசையில் 4ஆம் கட்டம்) வந்து பி2இல் இருக்கும் வெள்ளை பிஷப்பைத் தாக்குகிறது. பிஷப் சி1க்கே திரும்புகிறது. ஆனந்தின் இன்னொரு குதிரை டி5க்கு வந்து சி3இல் இருக்கும் வெள்ளைக் குதிரையைக் குறிவைக்கிறது. வெள்ளை ராணி பி3க்கு வந்து சி3க்குக் காவல் நிற்கிறது, சி4 குதிரையையும் மிரட்டுகிறது.

பூட்டு விழுவது இங்கேதான். குதிரை ஏ5க்குத் தாவி ராணியை விரட்டும், ராணி ஏ3. குதிரை மறுபடி சி4. ராணி மறுபடி பி3. குதிரை ஏ5இல் மிரட்டும்போது பி3 ராணிக்கு வேறு வழி? டி1க்கோ ஏ4க்கோ போனால் சி3 குதிரை போச்சு. சி2 போனால் எஃப்5இல் இருக்கும் கறுப்பு பிஷப் ராணியை வெட்டும், பி4 போனால் டி5 குதிரை வெட்டும். பி2க்கு ஒதுங்கினாலும் குதிரை சி4க்கு வந்து நிற்கும்.

எதிர் சீட்டுக்காரர், "ஏனுங்க, இதுல யாருங்க ஜெயிச்சது?" என்பார். உப்புச்சப்பில்லாத டிரா என்று சொல்லிவிடாதீர்கள். கறுப்பில் ஆடி, வெள்ளையின் சாதகத்தை 16 நகர்வில் கரைத்தது ஆனந்துக்கு லாபம்தான்.

வாளையாறு, கஞ்சிக்கோடு இடையே காடு. யானைகள் தண்டவாளம் கடக்கும் இடம். போர்டிலோ நான்கு யானைகளும் கடைசி வரை பின்வரிசையைத் தாண்டவில்லை!

உள்ளூர்ப் போட்டிகளில் பலர் கோட்டைவிடுவது, இப்படி ஒரே நிலை திரும்பத் திரும்ப வரும்போது டிரா கேட்கும் விதத்தில். ஒரே நிலை மூன்று முறை வரவேண்டும், அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. ஆனால் மூன்று தடவையும் அடுத்து நகர்த்தவேண்டியவர் ஒரே ஆளாக இருக்கவேண்டும், கோட்டை கட்டும் (காஸ்லிங்) உரிமையும் மாறியிருக்கக்கூடாது. உங்கள் நகர்வால் மூன்றாம் முறை வரப்போகிறதென்றால், காயைத் தொடாமல் நகர்வைத் தாளில் எழுதி நடுவரிடம் சொல்லுங்கள். காயை நகர்த்திவிட்டுக் கேட்டால் செல்லாது. தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

இதே தொடரின் இரண்டாம் ஆட்டமும் டிரா, 25 நகர்வு, ஒற்றப்பாலத்துக்குள் முடியும். நான்காவதும் டிராதான், ஆனால் 64 நகர்வு. அதற்கு எர்ணாகுளம் வரை டிக்கெட் எடுக்கவேண்டும்.